மெழுகுக் கட்டியை எங்கள் கையில் கொடுக்காதீர்கள்

அரசு மருத்துவமனைகளில் நோய்க்குறியியல் பரிசோதனைகளுக்குப் பொறுப்பேற்றுள்ள மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். முக்கூடலில் பீடி சுற்றிப் பிழைக்கும் என் மதினிக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து வந்த அறிக்கையில், ஹெர்2 (புற்றுநோய் செல்களை வளரத் தூண்டும் புரதம்) முடிவு 2+ என்றிருந்தது. 3+ என்றால் அந்தப் புரதம் மிகுதியாக உண்டு, 0 அல்லது 1+ என்றால் இல்லை, 2+ என்றால் நிச்சயமில்லை, மரபணுவை ஒளிரச் செய்து பார்க்கும் ஃபிஷ் பரிசோதனையில் 17ஆம் குரோமோசோமிலுள்ள ஹெர்2 மரபணு பெருகியிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தாக வேண்டும் என்பதெல்லாம் தாங்கள் அறிந்ததே.

அதன்பின் நடந்ததைத்தான் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். மதினியின் புற்றுத் திசுவைப் பதித்த, கட்டைவிரல் அகல மெழுகுக் கட்டி ஒன்றைச் சிறு பிளாஸ்டிக் உறையிலிட்டு, சென்னையில் கொடுத்து முடிவை வாங்கி வருமாறு எங்களிடமே தந்துவிட்டார்கள். சித்திரை வெயில். மதினி அதை எவர்சில்வர் டப்பாவில் வைத்து, டப்பாவுக்கு ஈரத்துணி சுற்றி, "உருகிராம கொண்டு போயிரு தம்பி, அதுல இருக்கது நாந்தானே" என்றார். இரவு முழுவதும் ரயிலில் அந்த டப்பாவை மடியிலிருந்து இறக்கவில்லை. பாரஃபின் மெழுகு உருக 50 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும் என்று பிறகுதான் அறிந்தேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அங்கே எவருக்கும் நேரமில்லை.

19 நாள் கழித்து வந்த பதில்: மரபணுவைக் காட்டும் ஒளிப்புள்ளிகள் தெளிவாக இல்லை, வேறு மெழுகுக் கட்டி தேவை. முடிவு தெளிவாக வர, திசுவை எடுத்த ஒரு மணி நேரத்திற்குள் ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) இட வேண்டும், அதில் 6 மணி நேரத்திற்குக் குறையாமலும் 72 மணி நேரத்திற்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த நேரங்களைக் குறிக்கப் படிவத்தில் இடம் இருந்தது. இடம் மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது கட்டியோடு மறுபடியும் ரயில் ஏறினேன். மரபணுப் பெருக்கம் உறுதியானபோது ஏழு வாரம் ஓடியிருந்தது. ஹெர்2 மிகுந்த புற்றுநோய்க்குத் தரப்படும் ட்ராஸ்டுசுமாப் 1998இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. அது வேண்டுமா வேண்டாமா என்று அறியவே எங்களுக்கு இவ்வளவு காலம்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. மாதிரியை அனுப்புவதும் முடிவைப் பெறுவதும் மருத்துவமனையின் பொறுப்பாகட்டும். கட்டியை நோயாளி வீட்டார் கையில் கொடுக்காதீர்கள். திருநெல்வேலி அல்வா கூரியரில் கெடாமல் சென்னை போய்ச் சேர்கிறது. அல்வாவுக்கு இருக்கும் வழி ஒரு பெண்ணின் திசுவுக்கு இல்லாமற்போனது, அது இனிக்காததாலா? கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருள்க. இங்கேயே ஃபிஷ் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தால் பெரும் உதவி. அதுவரையிலாவது, திசுவை ஃபார்மலினில் இட்ட நேரத்தை எழுதி, கட்டியைத் தாங்களே அனுப்பிவையுங்கள்.

பயன்படாமல் திரும்பிய முதல் கட்டி எங்கள் வீட்டுப் பீரோவில் ரேஷன் அட்டையோடு இருக்கிறது. அதை யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளியின் கொழுந்தன்