லங்காவி நீர்வீழ்ச்சிகளுக்கு எப்போது போவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில், நம் கெடா மாநிலத்துத் தீவான லங்காவியைப் பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பந்தாய் செனாங் கடற்கரையில் தங்கிக்கொண்டு, தீவின் நீர்வீழ்ச்சிகளையும் ஆயர் ஹங்காட் வெந்நீரூற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியே. ஆனால், அதற்கு உகந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை என்று அவர் குறிப்பிட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அது கடலில் குளிப்பதற்கு உகந்த காலம். நீர்வீழ்ச்சி பார்ப்பதற்கு உகந்த காலம் அன்று.

ஆண்டிறுதியில் கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தானையும் திரங்கானுவையும் வெள்ளக்காடாக்கும் வடகிழக்குப் பருவமழை, இடையிலுள்ள மலைத்தொடரைத் தாண்டி லங்காவிப் பக்கம் வரும்போது பெரும்பாலும் வறண்ட காற்றாகவே வந்து சேர்கிறது. தீவில் மழை மிகுதியாகப் பெய்வது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான். இங்குள்ள நீர்வீழ்ச்சிகளுக்குப் பின்னால் பெரிய ஆறு எதுவும் இல்லை. மலைச்சரிவில் பெய்யும் மழையே ஓடையாகி விழுகிறது என்பதால், மழை நின்றுவிட்டால் அவையும் விரைவில் மெலிந்துவிடுகின்றன.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், சீனப் புத்தாண்டு விடுமுறையில் மகள் குடும்பத்தோடு குவாலா கெடாவிலிருந்து ஃபெர்ரி ஏறிப் போனோம். டத்தாய் கடற்கரைக்குச் செல்லும் சாலையோரத்தில் உள்ள தெமுருன் அருவி, தீவிலேயே மிக உயரமானது என்று பேரப்பிள்ளைகளிடம் வழியெல்லாம் பெருமையடித்துக்கொண்டு வந்தேன். போய்ப் பார்த்தால் பாறையில் ஓர் ஈரக்கோடு மட்டுமே தெரிந்தது. “தாத்தா, பைப்பை மூடிட்டாங்களா?” என்று சின்னவன் கேட்டான். அதே இடத்துக்கு மற்றோர் ஆண்டு அக்டோபரில் போனபோது, காரை நிறுத்தி இறங்குவதற்கு முன்பே அருவியின் இரைச்சல் காதில் விழுந்தது.

தெலாகா துஜூவின் நிலை சற்று மேல். ‘ஏழு கிணறுகள்’ என்று பொருள்படும் இந்த நீர்வீழ்ச்சியின் உச்சியில், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் வழியும் ஏழு குளங்கள் உள்ளன. வறண்ட மாதங்களிலும் அவற்றில் ஓரளவு தண்ணீர் தேங்கி நிற்கும். ஆனால் அங்கே போக அறுநூறுக்கும் அதிகமான படிகள் ஏற வேண்டும் என்பதைக் கட்டுரை சொல்லியிருக்கலாம். என் வயதொத்தவர்கள் கீழ்க்குளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குனோங் ராயா மலைச்சரிவில், அடுக்கடுக்காக இறங்கும் டுரியான் பெராங்கின் அருவிதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. அங்கிருந்து வெந்நீரூற்றும் அதிகத் தொலைவில்லை.

ஆயர் ஹங்காட்டுக்கு மட்டும் இந்தப் பருவக் கணக்கு இல்லை. எரிமலை எதுவும் இல்லாத இந்த மண்ணில், நிலப்பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கும் நீர் அங்குள்ள வெப்பத்தால் சூடேறி மேலே வருகிறது. கடலோரச் சதுப்பு நிலத்தையொட்டி இருப்பதால் இந்த ஊற்றின் நீர் உப்புக் கரிக்கும். மாட் ராயா, மாட் சிஞ்சாங் என்ற இரு பூதங்கள் கல்யாண விருந்தில் சண்டையிட்டுச் சட்டி பானைகளை வீசியெறிந்ததாகக் கதை உண்டு: பானை உடைந்த இடம் பெலாங்கா பெச்சா, குழம்பு கொட்டிய இடம் குவா, வெந்நீர் சிந்திய இடம் ஆயர் ஹங்காட். (கல்யாணப் பந்தியில் குழம்புக்காகச் சண்டை வருவது நம்மவர்களுக்கும் புதிதன்று.) அங்கே கால் நனைக்க விரும்பும் நீரிழிவு நோயாளிகள், முதலில் கையால் சூட்டைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தோல் வெந்த பிறகே தெரியும்.

மழைக்காலத்தில் போகச் சொல்வதில் ஓர் ஆபத்தும் இருப்பதை மறைக்க மாட்டேன். மலையுச்சியில் பெய்த மழை திடீரென்று பெருக்கெடுத்து வருவதை மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அது வந்துவிடும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் குச்சிகளும் மிதந்து வந்தாலோ, துணிமணிகளை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறிவிட வேண்டும்.

ஆகவே என் கணக்கில் நவம்பர் பிற்பகுதியும் டிசம்பர் தொடக்கமுமே ஏற்ற காலம். அப்போது மழை குறையத் தொடங்கியிருக்கும், ஓடைகளில் நீர் இருக்கும், கடலும் அடங்கிவரும். தைப்பூசத்தையும் சீனப் புத்தாண்டையும் ஒட்டிப் பயணம் திட்டமிடும் வாசகர்கள் பலர் இருப்பார்கள் என்பதால், இந்தத் திருத்தத்தை அடுத்த ஞாயிறு மலரிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
அலோர் ஸ்டார், கெடா.