கேள்வியை முன்கூட்டியே எழுதித் தரக் கோரும் நிர்வாக சபைக்கு

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாக சபை உறுப்பினர்களுக்கு,

ஞாயிறு மாலைக் கலந்துரையாடலில் எழுப்பப்படும் கேள்விகளை மூன்று நாட்களுக்கு முன்னரே எழுத்தில் கையளித்து அனுமதி பெற வேண்டும் என்று நமது சனசமூக நிலையப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள அறிவித்தலைத் தயவுசெய்து மீளப் பெறுங்கள். பின்னணியைத் தாங்கள் அறிவீர்கள்.

திருக்கடலூரிலிருந்து வரும் பெரியவர் ஒருவர், பல மாதங்களாக மீன் விலையும் மழையுமே கதைத்தவர், ஒரு மாலை, “முழங்கால் நோவால மூணு வருசமாக் கடலுக்குப் போகல்ல, இப்பவும் நான் கடற்றொழிலாளிதானா?” என்று கேட்டார். வேறிடமாயின் “அதையெல்லாம் யோசிக்காதீங்க” என்று முடித்திருப்பார்கள். அன்று ஒருவர் “தொழில் என்பது செய்வதா, தெரிந்திருப்பதா?” என்று திருப்பிக் கேட்டார், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தம்மை இன்றும் ஊர் ‘ரீச்சர்’ என்றே அழைப்பதைச் சொன்னார். பெரியவர் ஏற்கவில்லை. “உங்கள ஊர் கூப்பிடுது, நான் என்னை என்னெண்டு கூப்பிடுறது?” என்றார். விடை கிடைக்காமலே இருட்டிவிட்டது. ஆயினும் எவரும் எழுந்து போகவில்லை.

அவருக்கு எழுதத் தெரியாது. யாரையாவது கொண்டு எழுதுவிக்கலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். ஆனால் அந்தக் கேள்வி வியாழக்கிழமை அவரிடம் இருக்கவில்லை. ஓய்வூதியம் பற்றி வேறொருவர் ஞாயிறு மாலை சொன்ன ஒரு சொல்லிலிருந்துதான் பிறந்தது. இல்லாத கேள்விக்கு எப்படி முன்னனுமதி பெறுவது?

கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரம் நஞ்சருந்த வைத்த சோக்கிரட்டீஸ் ஒரு நூலும் எழுதவில்லை. சந்தையில் கண்டவரிடமெல்லாம் அவரவர் சொல்லுக்குப் பொருள் கேட்டே வாழ்ந்தார். நமது விதிப்படி அவரும் வாசலோடு திரும்ப வேண்டியவரே. 1992இல் மார்க் சோத்தே என்பவர் பாரிஸ் நகரின் கோப்பிக் கடையொன்றில் தொடங்கிய ஞாயிறு மெய்யியற் கூட்டத்திலும், வந்தவர்கள் அங்கேயே சொன்ன கேள்விகளிலிருந்துதான் பேசுபொருள் தெரிவாயிற்று.

சச்சரவு எழலாம் என்ற தங்கள் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அதற்காகவே, ஒருவர் சொன்னதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லி, “இதைத்தானே சொன்னீர்கள்?” என்று உறுதிப்படுத்திய பின்னரே மறுக்கலாம் என்ற ஒழுங்கைத் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடிக்கிறோம். பரிசளிப்பு விழாவில் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை என்று மூன்று மணி நேரம் பிள்ளைகளை வியர்க்க வைப்பதற்கு எந்த ஒழுங்கும் கிடையாது. பொன்னாடைக்கும் படிவம் இல்லை, கேள்விக்கு மட்டும் உண்டு. ஒலிவாங்கி பிடித்தவரை இந்த ஊரில் எவர்தான் இடைமறித்துக் கேட்டார்? மன்னிக்கவும், மரியாதை தவறுகிறேன்.

ஆகவே, அந்த அறிவித்தலை மீளப் பெறுமாறு மீண்டும் பணிவுடன் கேட்கிறேன். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு மண்டபத்தின் திறப்பை வழமைபோல் காவலாளியிடம் கொடுத்து வைப்பீர்களாயின் நன்றியுடையோம். பெரியவரை நானே அழைத்து வருவேன்.

இப்படிக்கு,
ஞாயிறு வாங்கில் அமரும் ஓர் அங்கத்தவர்,
திருகோணமலை