போனவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள், இருந்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் வந்த கால்பந்து கட்டுரையைப் படித்தேன். யார் எந்த கிளப்புக்கு எத்தனை கோடிக்குப் போகிறார்கள் என்ற விவரமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடைசியில், இந்தக் காலத்து வீரர்களுக்கு விசுவாசம் என்று ஒன்று கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. விசுவாசம் என்றால் ஜெயிக்கிற அணியில் சம்பளம் வாங்கிக்கொண்டு பத்து வருஷம் இருப்பது மட்டும்தானா? ஒரு கிளப் தலையிலிருந்தே கெட்டுப்போய், அதை அடியிலிருந்து திருத்தி எடுக்க வேண்டிய நேரத்தில் யார் கூட நின்றார்கள் என்று பார்க்க வேண்டாமா? அதற்காகத்தான் இத்தாலியின் டுரின் நகரத்து கிளப்பான யுவென்டஸின் கதையை எழுதுகிறேன்.

2006 மே மாதம் இத்தாலியில் ஒரு பெரிய கால்பந்து ஊழல் வெடித்தது. யுவென்டஸின் பொது மேலாளர் லூசியானோ மோஜ்ஜி, எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று முடிவு செய்கிறவர்களோடு போனில் பேசிய பேச்சுகள் அப்படியே பத்திரிகைகளில் வந்தன. இரண்டு சாம்பியன் பட்டங்கள் பறிபோயின, மோஜ்ஜிக்குத் தடை, கிளப்பை சீரி பி என்ற இரண்டாம் பிரிவு லீக்குக்குத் தள்ளிவிட்டார்கள். போதாக்குறைக்கு புள்ளிக் குறைப்பு வேறு, முதலில் 30 என்றார்கள், அப்புறம் 17 என்றார்கள், கடைசியில் 9-ல் வந்து நின்றது. நூற்றாண்டு கடந்த அந்த கிளப் அதற்கு முன் ஒரு தடவைகூட இரண்டாம் பிரிவில் ஆடியதில்லை.

உடனே ஆட்கள் கிளம்பினார்கள். பயிற்சியாளர் கபெல்லோ ரியல் மாட்ரிட்டுக்குப் போனார், அவர் பின்னாலேயே கன்னவாரோவும் எமர்சனும் போனார்கள். சம்ப்ரோட்டாவும் துராமும் பார்சிலோனா. இப்ராஹிமோவிச்சும் வியேராவும் இன்டர் மிலான், அதுவும் யுவென்டஸ் ரசிகர்களுக்கு ஜென்மப் பகையான கிளப். இவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு கால்பந்து வீரனுக்கு நல்ல ஆட்டம் இருப்பதே பத்துப் பன்னிரண்டு வருஷம்தான், அதில் ஒன்றை மேலாளர் செய்த தப்புக்காகச் சின்ன மைதானங்களில் கழி என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆனால் ஐந்து பேர் இருந்தார்கள். புஃபான், டெல் பியரோ, நெட்வெட், ட்ரெஸகே, கமொரனேசி. இவர்கள் யாரென்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த வருஷம் ஜூலை 9-ம் தேதி பெர்லினில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இத்தாலிக்கும் பிரான்சுக்கும். கடைசியில் பெனால்டி வரைக்கும் போனது. பிரான்சுக்காக ட்ரெஸகே அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு வெளியே விழுந்தது. இத்தாலியின் கோலில் நின்றவர் புஃபான், இத்தாலியின் நான்காவது பெனால்டியை உள்ளே அடித்தவர் டெல் பியரோ. உலகமே பார்த்த அந்த நிமிஷத்தில் எதிரும் புதிருமாக நின்ற மூன்று பேரும் சரியாக இரண்டே மாதத்தில், செப்டம்பர் 9-ம் தேதி தொடங்கிய சீரி பி சீசனில், ஒரே டிரெஸ்ஸிங் ரூமில். முதல் ஆட்டம் ரிமினி என்ற கடலோர ஊரின் சின்ன மைதானத்தில். அதிலும் ஜெயிக்கவில்லை, 1-1. அந்த வருஷம் உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் டி'ஓர் விருதில் கன்னவாரோ முதலிடம், புஃபான் இரண்டாமிடம். உலகத்தின் இரண்டாவது சிறந்த வீரர் என்று ஓட்டு வாங்கிய ஒரு மனிதர் அந்தக் குளிர்காலத்தில் க்ரோட்டோனே, மன்டோவா போன்ற சின்ன கிளப்புகளுக்கு எதிராக கோல் காத்துக்கொண்டிருந்தார்!

ஐந்து பேரும் மனசாரச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கமொரனேசிக்குப் போக ஆசை இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனாலும் ஆடினார். எனக்கு அதுவும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது, மனசில்லாமல் இருந்தும் வேலையில் குறை வைக்காதது.

இப்போது இவர்கள் இருந்ததால் என்ன ஆனது என்பதற்கு வருகிறேன், இதைத்தான் உங்கள் கட்டுரை கண்டுகொள்ளவே இல்லை. கிளப்பின் பண்பாட்டை மாற்றப் போகிறோம் என்று புது நிர்வாகம் அறிக்கை விடலாம், அதை யார் வேண்டுமானாலும் விடலாம். திங்கட்கிழமை காலை பயிற்சிக்கு வருகிற இருபது வயசுப் பையன் அறிக்கையைப் படித்தா கற்றுக்கொள்வான்? உலகக் கோப்பை ஜெயித்த டெல் பியரோ இரண்டாம் பிரிவு ஆட்டத்துக்காக அவன் பக்கத்தில் வியர்வை சிந்த ஓடுகிறார், அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வான். அந்த சீசனில் டெல் பியரோ 20 கோல் அடித்தார், சீரி பி-யில் அவருக்குத்தான் அதிக கோல். குறைத்த 9 புள்ளிகள் போக 85 புள்ளிகளோடு யுவென்டஸ் முதலிடம். அந்த அணியில்தான் டுரினில் பிறந்த மார்க்கிசியோ மூத்தவர்களோடு ஆடத் தொடங்கினார். இடது பக்கத் தடுப்பாட்டக்காரராக இருந்த கியெல்லினியை அப்போதைய பயிற்சியாளர் டெஷாம்ப்ஸ் நடுவில் நிறுத்திப் பார்த்ததும் அப்போதுதான். அந்த கியெல்லினி 2022 வரை அதே கிளப்பில் இருந்தார், இடையில் 2021-ல் வெம்ப்ளியில் இத்தாலியின் கேப்டனாக ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார். நாற்று விட்ட வயல் எது என்று தேடினால் சீரி பி-தான்.

பலன் உடனே வந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். முதல் பிரிவுக்குத் திரும்பிய முதல் வருஷம் மூன்றாமிடம், டெல் பியரோ அங்கேயும் 21 கோலோடு அதிக கோல் அடித்தவர். ஆனால் பிறகு சறுக்கல். 2010-லும் ஏழாமிடம், 2011-லும் ஏழாமிடம். அந்தோனியோ கோன்டே பயிற்சியாளராக வந்து 2011-12 லீக்கில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் பட்டம் வாங்கியபோதுதான் மீண்டு வந்தார்கள். அந்த அணியில் புஃபான் இருந்தார், கியெல்லினி இருந்தார், மார்க்கிசியோ இருந்தார், டெல் பியரோவும் இருந்தார். (இதே கோன்டே 2007-ல் அரெட்ஸோவின் பயிற்சியாளர், அவர் அணியை 5-1 என்று அடித்துத்தான் யுவென்டஸ் முதல் பிரிவுக்கு ஏறுவதை உறுதி செய்தது. கால்பந்தில் இப்படியெல்லாம் நடக்கும்.)

எனக்கு இதில் ஒரு கோபமும் உண்டு. 2011-ல் சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமலே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தயார் என்று சொன்னவர் டெல் பியரோ. அதே வருஷம் அக்டோபரில் பங்குதாரர் கூட்டத்தில் கிளப்பின் தலைவர் ஆந்த்ரேயா ஆஞ்ஞெல்லி, இதுதான் அவருடைய கடைசி சீசன் என்று அறிவித்துவிட்டார். 705 ஆட்டம், 290 கோல், சீரி பி-யிலும் கைவிடாத மனிதருக்கு அதைச் சொல்ல அதுவா இடம்? ரசிகர்கள் மட்டும் சரியாக வழியனுப்பினார்கள். 2012 மே 13, அட்டலான்டா கிளப்புக்கு எதிரான ஆட்டம். கோல் அடித்துவிட்டு, இரண்டாம் பாதியில் மாற்றப்பட்டு வெளியே வந்தவர் மைதானத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். உள்ளே ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதை யார் பார்த்தார்கள்? எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள், மேலேயிருந்து கழுத்துத் துண்டுகளை வீசுகிறார்கள், அவர் குனிந்து குனிந்து எடுக்கிறார். இன்றைக்கும் அந்தக் காட்சியைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதிக் கதை சொன்னவன் ஆவேன். 2022 நவம்பரில் யுவென்டஸ் நிர்வாகக் குழு மொத்தமும் கணக்கு விவகாரத்தில் ராஜினாமா செய்தது, அந்த சீசனிலேயே 10 புள்ளிகள் குறைக்கப்பட்டன. அந்தக் குழுவின் துணைத் தலைவர் வேறு யாருமில்லை, 2006-ல் போகாமல் இருந்த நெட்வெட். அவருக்கு விதித்த தடை பிறகு மேல்முறையீட்டில் நீங்கியது என்பது உண்மைதான். ஆனாலும் எனக்கு அது வலித்தது. மைதானத்தில் கட்டிய ஒழுங்கு நிர்வாக மாடியில் தானாக ஏறி உட்காராது, அங்கே அதைத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கிறது. அதற்காக 2006-ல் நெட்வெட் செய்தது இல்லை என்று ஆகிவிடுமா? என்னைப் பொறுத்தவரை ஆகாது.

ஐயா, நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை யார் எத்தனை கோடிக்குப் போனார்கள் என்று இரண்டு பக்கம் ஒதுக்கும்போது, சரிந்த ஓர் அணியில் யார் தங்கினார்கள், தங்கி அங்கே என்ன செய்தார்கள் என்பதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். எதில் தொடங்குவது என்று யோசித்தால் புஃபானிலேயே தொடங்கலாம். 43 வயதில், 2021-ல், தன்னை வளர்த்த பார்மா கிளப் சீரி பி-க்கு இறங்கியிருந்த நேரம் பார்த்து அங்கே ஆடப் போனார், இரண்டு வருஷம் ஆடினார். உங்கள் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வரி படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
திருச்சி