பழைய கார் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போகும். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

முதலில் வழக்கமானவை. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் வண்டிகளை அணிவகுத்து ஓட்டினோம். ஆயுத பூஜை நன்றாக நடந்தது. நம் கோவை ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். செயற்குழு அவ்வப்போது கூடியது. சில கூட்டங்கள் போதிய ஆள் (கோரம்) இல்லாமல் டீயோடு முடிந்தன. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-ல் வந்த ‘விஏ’ வரிசைப் பதிவு பற்றி ஒரு விளக்கக் கூட்டம் வைத்தோம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய் என்றதும் கூட்டம் சீக்கிரம் கலைந்தது.

இனி, சங்கத்தின் பொது வண்டியான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பெட்ரோல் டேங்க். "ஒரு டேங்குக்கா இவ்வளவு செலவு?" என்று வெளியே பேச்சு நடப்பது என் காதுக்கும் வந்தது. ஆகவே கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

1960-களில் சென்னைப் பக்கம் தயாரான வண்டி இது. டேங்க் டிக்கிக்குள் இடது பக்கம் இருக்கிறது. மேலே ரிசர்வுக்கு ஒரு சின்னக் கைப்பிடி உண்டு. அதைத் திருப்பினால் உள்ளே வளைந்த குழாய் கீழே இறங்கி, அடியில் மிச்சமிருக்கும் பெட்ரோலை எடுக்கும். அந்தக் கைப்பிடியின் கழுத்தில்தான் முதல் கசிவு. டிக்கியில் வைத்த பெட்டி, துணி எல்லாம் பெட்ரோல் வாடை. புதுப் பாகம் உள்ளூரில் எங்கும் இல்லை. இங்கிலாந்திலிருந்து டேங்கையே வரவழைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கப்பல் கூலியையும் சுங்கவரியையும் யார் தருவது என்று கேட்டேன், பதில் இல்லை. ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் அந்தக் கழுத்தின் பழைய நட்டைக் காட்டி, பித்தளையில் புதிதாகக் கடைந்து, உள்ளே பெட்ரோலைத் தாங்கும் ‘வைட்டான்’ ரப்பர் ஓ-ரிங் போட்டு முடித்தோம். இப்போது சொட்டுக்கூடக் கசிவதில்லை.

அடுத்து டேங்கின் உட்புறம். முந்தைய நிர்வாகக் காலத்தில் ஓட்டையை அடைக்க உள்ளே ஏதோ சீலர் ஊற்றியிருக்கிறார்கள். யார் என்று நான் சொல்லப் போவதில்லை. இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வகை சீலர் பலவும் எத்தனாலுக்குத் தாங்காது. உரிந்து அப்பளம்போலப் பெயர்ந்து வந்து, குழாயையும் ‘ஏ.சி.’ கம்பெனியின் பெட்ரோல் பம்ப் வலையையும் அடைத்துவிட்டது. போதாததற்கு எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அந்தத் தண்ணீர் அடியில் தங்கி, தகடுகள் சேரும் தையல் ஓரத்தை அரித்து ஊசித்துளைகள் போட்டிருந்தது.

"காலி டேங்க்தானே, கேஸ் வெல்டிங் வைத்துவிடலாம்" என்றார் ஓர் உறுப்பினர். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே தங்கிய ஆவி காற்றோடு கலந்து நிற்கும், ஒரு பொறி போதும். நான் விடவில்லை. சலவை சோடா கலந்த வெந்நீரில் பலமுறை அலசி, துளைக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, தீச்சுடர் காட்டாமல், தனியே சூடேற்றிய செம்புக் கோலால் ரேடியேட்டர் கடைக்காரர் ஈயம் வைத்தார். அவருக்கு நம் சங்கம் கடன்பட்டிருக்கிறது. கூலியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதற்கு முன்பே துரு எடுத்தாயிற்று. உள்ளே நட்டுகளைப் போட்டுக் குலுக்க வேண்டும், பிறகு சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்து, கழுவி, காயவைத்து, உடனே ஆயில் பூச வேண்டும். தாமதித்தால் மறுபடி துரு ஏறும். ஆள் வேண்டிய வேலை. குழுவில் தேதி போட்டேன், கட்டைவிரல் குறிகள் குவிந்தன. அந்த ஞாயிறு வந்தவர்கள் பொருளாளரும் அவர் மகனும் மட்டுமே. பலருக்கும் அன்று கல்யாணமாம். ஆடி மாதத்தில் இத்தனை கல்யாணமா என்று நான் கேட்கவில்லை.

பெட்ரோல் கேஜ் எப்போதும் காலி என்றே காட்டிக்கொண்டிருந்தது. காரணம், டேங்குக்குள் மிதந்து அளவு சொல்லும் பித்தளை மிதவைக்குள் பெட்ரோல் புகுந்திருந்தது. வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. உள்ளிருப்பதை முழுக்க வடித்துக் காயவிட்டு, ஒரே தொடுகையில் ஈயம் வைக்க வேண்டும். சூடு நீடித்தால் உள்காற்று விரிந்து ஈயத்தைத் துப்பிவிடும்.

எல்லாம் முடிந்து ஊட்டிப் பயணம் புறப்பட்டால் காரமடை தாண்டி வண்டி நின்றுவிட்டது. காயில், பாயின்ட், பம்ப், வேப்பர் லாக் என்று ஆளுக்கொரு தீர்ப்பு. டேங்க் மூடியைத் திறந்ததும் ‘ஸ்ஸ்’ என்று காற்றை இழுத்தது. உக்கடத்தில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஓர் அன்பர் வாங்கித் தந்த மூடி அது. காற்றுத் துளையே இல்லாதது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம், பம்ப் எப்படி இழுக்கும்? 1 மி.மீ. துளை போட்டோம். வளைவுகளில் வெளியே தளும்பாமல் இருக்க உட்பக்கம் ஒரு தகட்டை மறைப்பாக வைத்துப் பற்றவைத்தோம். அதற்கப்புறம் வண்டி கல்லார் ஏற்றத்திலும் நிற்கவில்லை. ரப்பர் ஓஸையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றியாயிற்று.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, ஆனால் ரேடியேட்டர் கடைக்காரர் கூலி தவிர வேறு கடன் இல்லை. சில கூலிகளுக்கு ரசீது இல்லை. சின்னப் பட்டறைகளில் ரசீது கேட்டால் அடுத்த வாரம் வா என்பார்கள். சந்தா விஷயம் வருத்தம் தருகிறது. இரண்டு மூன்று ஆண்டாகக் கட்டாதவர்கள் சிலர் அணிவகுப்புப் படத்தில் மட்டும் முன்வரிசையில் நிற்கிறார்கள். பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது, இங்கே வாசிக்கவில்லை. சங்கத்தின் பெரிய செம்புக் கோலையும் ஓஸ் கிளிப் பெட்டியையும் இரவல் வாங்கியவர், வசதிப்படும்போது, கேட்காமலே கொண்டுவந்து தருவார் என்று நம்புகிறேன்.

தலைவருக்கும் பொருளாளருக்கும் இடம் தந்த பட்டறை உரிமையாளருக்கும் டீ, வடை உபயம் செய்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் உறுப்பினர்களின் அம்பாசிடர், பத்மினி டேங்குகளையும் இதே முறையில் செய்துகொடுக்கலாம். டேங்கைக் கட்டிச் சுழற்ற ஒரு ஸ்டாண்டு செய்தால் குலுக்க ஆள் தேட வேண்டாம். மோட்டார் ஒன்று யாரிடமாவது சும்மா கிடக்கும். சந்தா பாக்கி இல்லாதவர்களின் வண்டிக்கு முன்னுரிமை என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் சாவியையும் கோப்பையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் வராவிட்டால், சரி, பார்த்துக்கொள்கிறேன். சந்தாவைப் பொருளாளரிடம் இன்று பணமாகவே தரலாம். ரசீதுப் புத்தகம் அவர் பையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்