ஜூலை 30 உண்டியல்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் ஜூலை 30 அன்று காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு வகுப்பிலும் ஆசிரியரின் மேசைமேல் ஓர் உண்டியல் வைக்கிறோம். அதில் சேரும் பணம் முழுவதும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகும்.

அன்று, அந்த மருத்துவமனையை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த நாள். நம் பிள்ளைகளின் தாய்மார்களில் பலர் இந்தப் பெயரை மகப்பேறு நிதியுதவிப் படிவத்தில் பார்த்திருப்பீர்கள். படிவத்துக்கு அப்பால் அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நாங்கள் வகுப்பில் சொல்லப் போகிறோம். வீட்டில் நீங்களும் பேச வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம் சற்று நீளமாகிறது.

1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்கா சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. 1925இல் லண்டன் போனபோது அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். திரும்பி வந்ததும் சட்டமன்றம், தேவதாசி முறை ஒழிப்பு, ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லம் என்று வேலைகள் அவரை இழுத்துக்கொண்டன. தங்கையின் மரணத்தை மட்டும் அவர் மறக்கவில்லை. 1935இல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். புற்றுநோயாளிகள் எப்படியும் பிழைக்கப் போவதில்லை, அவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்பதே அன்று அதிகாரத்தில் இருந்த பலருடைய எண்ணம்.

அரசு கை கொடுக்காத இடத்தில் பெண்கள் கை கொடுத்தார்கள். 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம், பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட சங்கம். 1921இல் சென்னை மாகாணத்தில் அந்த உரிமை கிடைத்ததில் அதற்குப் பங்கு உண்டு. அந்தச் சங்கம்தான் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றை ஏற்படுத்தி, கேட்டுக் கேட்டுப் பணம் சேர்த்தது. அடையாறு மருத்துவமனையின் ஆங்கிலப் பெயரோடு 'டபிள்யூ.ஐ.ஏ.' என்ற மூன்று எழுத்துகள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை அந்தச் சங்கத்தைக் குறிப்பவை. அந்த வழியாகப் போகும்போது பிள்ளைகளுக்குப் பெயர்ப் பலகையைக் காட்டுங்கள்.

1952 அக்டோபர் 10 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று மருத்துவமனை திறந்தது. படுக்கைகள் 12. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. முத்துலட்சுமிக்கு வயது 67. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி மருத்துவப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் கிடைத்த அரசு வேலையை வேண்டாம் என்றுவிட்டு வந்தவர் அவர். முதல் மூன்று ஆண்டுகள் சம்பளம் இல்லை. பிறகு மாதம் 200 ரூபாய். மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்து, 2021 ஜனவரியில் காலமாகும் வரை அங்கேயே உழைத்தார். மகசேசே விருது, பத்ம விபூஷண் எல்லாம் வந்தன. நம் பிள்ளைகள் விருதுகளைத்தான் முதலில் எழுதிக்கொள்வார்கள்; அந்த 200 ரூபாயையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

1960இலேயே அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது. கொடுக்க முடிந்தவரிடம் வாங்கிக்கொண்டு, முடியாதவருக்கு இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ சிகிச்சை தருவது அங்கே தொடக்கம் முதல் வழக்கம். அந்த வழக்கம் தொடர, கொடுப்பவர்களும் தொடர்ந்து இருக்க வேண்டும்.

இனி உண்டியல் விஷயம். கட்டாயம் இல்லை. யார் போட்டார், யார் போடவில்லை என்று எந்த ஆசிரியரும் பார்க்க மாட்டார், கேட்கவும் மாட்டார். ஒரு பிள்ளை 20 ரூபாய்க்கு மேல் போடக் கூடாது. அதுவும் அவன் அல்லது அவள் தின்பண்டத்துக்கு வைத்திருந்த காசாக இருந்தால் நல்லது. ஆயிரம், இரண்டாயிரம் தர விரும்பும் பெற்றோர் நேரடியாக மருத்துவமனைக்கே அனுப்புங்கள். ரசீது கிடைக்கும்; பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு வரிச் சலுகையும் உண்டு. பிள்ளையின் கையில் பெரிய நோட்டைத் திணித்து அனுப்பினால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன் இரண்டு ரூபாய் நாணயத்தை உள்ளங்கையில் மறைத்துக்கொள்ளும். அதிகம் சேர்த்த வகுப்புக்குக் கேடயம் தரலாமே என்று ஒரு யோசனை வந்தது. தர மாட்டோம். வகுப்புவாரித் தொகையையும் அறிவிக்க மாட்டோம். ஏழாம் வகுப்பில் எல்லோர் வீட்டு நிலைமையும் எல்லோருக்கும் தெரியும்; அதை ஒலிபெருக்கியில் வேறு சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, பணத்தைவிட முக்கியமானது. இந்த அறிவிப்பைச் சொன்னதும் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "மிஸ், அது ஒட்டிக்கொள்ளுமா?" என்று கேட்டாள். ஒட்டாது, தொட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது. வகுப்பில் சொல்லிவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பல வீடுகளில் இந்த நோயின் பெயரையே சொல்வதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறோம், தட்டைத் தனியாக வைக்கிறோம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் பள்ளியிலேயே தாத்தாவோ அம்மாவோ சிகிச்சையில் இருக்கும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் காதுபட யாரும் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிடக் கூடாது. நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகிறவர்கள் பலர் என்பதை அவர்களுக்கு எதிரிலேயே சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்று அந்தப் பிள்ளை எங்கே உட்கார வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உண்டியல்கள் அன்றே பிற்பகல் 2 மணிக்கு நூலகத்தில் திறக்கப்படும். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுவார்கள்; ஆசிரியர்கள் சரிபார்ப்பார்கள். மொத்தத் தொகையும் மருத்துவமனை தரும் ரசீதின் நகலும் அலுவலகத்துக்கு வெளியே உள்ள பலகையில் ஒட்டப்படும். எண்ணும்போது கூட இருக்கப் பெற்றோர் இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பெரும்பாலும் சில்லறைதான், மாலை வரை ஆகும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்