சோபாவுக்காகப் பூனையைச் சந்தையில் விட வேண்டாம், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். சித்தி போனில் எல்லாம் சொன்னார்கள். உங்கள் பூனை கறுப்பி பிறாண்டி, புது சோபாவின் ஒரு பக்கக் கை நூல் நூலாகப் பிரிந்து தொங்குகிறதாம். கறுப்பியைப் பிடித்து வடசேரி சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வரப்போகிறீர்களாம். பக்கத்து வீட்டு அமெரிக்காக்காரப் பையன் வேறு, அங்கெல்லாம் ஆபரேஷன் செய்து நகத்தையே எடுத்துவிடுவார்கள் என்று ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பூனை வளர்க்கிற பாதி வீடுகளில் நடக்கிற பஞ்சாயத்து இது. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியம்தான்.

முதலில் அந்த ஆபரேஷன். பூனையின் நகம் நம்முடையதைப் போல விரல் நுனியில் சதைமேல் இருப்பதில்லை. விரலின் கடைசி எலும்பிலிருந்தே முளைக்கிறது. அதனால் நகத்தை எடுப்பது என்றால் அந்த எலும்பையே வெட்டி எடுப்பது. முன்னங்கால்களில் மட்டும் 10 விரல்கள், பத்தும் போய்விடும். நியூயார்க் மாநிலம் 2019-லேயே இதைத் தடை செய்துவிட்டது, இங்கிலாந்தில் 2006 விலங்கு நலச் சட்டப்படி செய்யக் கூடாது. இப்படி வெட்டப்பட்ட சில பூனைகள் கால் வலியால் மண்ணைத் தோண்டக் கூசி, வீட்டுக்குள் கண்ட இடத்தில் போக ஆரம்பிக்கும். நகம் இல்லாததால் கடிக்கத் தொடங்குவதும் உண்டு. இரவில் வெளியே சுற்றுகிற கறுப்பிக்கோ தெருநாய் துரத்தினால் மரமேற நகம் வேண்டும். அந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

'வேண்டுமென்றே செய்கிறது, திட்டினால் பழிவாங்குகிறது' என்று சொன்னீர்களாம். அதெல்லாம் இல்லை சித்தப்பா. சோபாவுக்கு அடியில் பெருக்கும்போது பிறை வடிவில், வெள்ளையாக, உள்ளே வெறுமையாக ஒரு சின்ன ஓடு கிடைக்கும், சித்தியிடம் கேட்டுப் பாருங்கள். அது கறுப்பியின் நகத்தின் மேலுறை. பூனையின் நகம் வெங்காயம் போல அடுக்கடுக்காக வளரும். பழைய அடுக்கைக் கழற்றி எறிந்தால்தான் அடியில் உள்ள கூர்மை வெளியே வரும், அதற்கு எதையாவது பிறாண்டியே ஆக வேண்டும். தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் நீட்டி முறுக்கு எடுப்பதும் பிறாண்டித்தான், அது இரண்டாவது காரணம். மூன்றாவது காரணம் நம் கண்ணுக்குத் தெரியாதது. கால் விரல்களுக்கு நடுவே வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. பிறாண்டுகிற இடத்தில் கீறலோடு வாசனையும் பதியும், 'இது என் இடம்' என்று எழுதி வைப்பது அது.

ஆக, பிறாண்டாதே என்று பூனையிடம் சொல்ல வழியில்லை. எங்கே பிறாண்டுவது என்பதைத்தான் நாம் மாற்ற முடியும். மற்றபடி பூனையை விரட்டக் கடையில் விற்கிற தெளிப்பான் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

சோபாவை ஏன் பிடித்துக்கொண்டது என்று அதன் இடத்தில் நின்று பாருங்கள். ஹாலின் நடுவில் இருக்கிறது, எல்லாரும் உட்கார்ந்து எழுவதால் வீட்டு மனிதர்களின் வாசனை முழுவதும் அதில்தான். பிடித்து இழுத்தால் அசையாது. துணியோ சொரசொரவென்று நகம் மாட்டுகிற மாதிரி. போதாததற்குப் பகலெல்லாம் அதன் மேலேயே தூக்கம். இத்தனையும் உள்ள வேறொன்றைச் செய்து பக்கத்தில் வைத்தால் அது அங்கே போகும். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் பல நாடுகளைச் சேர்ந்த 4,000-க்கும் மேற்பட்ட பூனை வளர்ப்பவர்களிடம் விசாரித்திருக்கிறார்கள். கயிறு சுற்றியதை, அதிலும் 3 அடிக்குக் குறையாத தூணைத்தான் பூனைகள் அதிகம் நாடுகின்றன என்று தெரியவந்தது. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பொம்மை. கறுப்பி பின்னங்காலில் நின்று நீட்டினால் அதைத் தாண்டிவிடும். தொட்டதும் ஆடுகிறதா, அன்றோடு சரி, மறுபடி திரும்பிப் பார்க்காது.

நாகர்கோவிலில் இருந்துகொண்டு இதைக் கடையில் வாங்குவது அநியாயம். வெளிநாட்டில் சைசால் என்ற ஒருவகைக் கற்றாழை நார்க் கயிற்றைச் சுற்றுகிறார்கள். நமக்குத்தான் தேங்காய் நாரில் திரித்த தும்புக் கயிறு இருக்கிறதே. தச்சரிடம் சொல்லி 4 அங்குல கனத்தில் 3 அடி உருட்டுக் கட்டை ஒன்றும், ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பலகை ஒன்றும் வாங்குங்கள். பலகையின் அடியிலிருந்து நீள ஸ்க்ரூ போட்டு முடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு கையால் பலமாகத் தள்ளியும் சாயக் கூடாது. அப்புறம் 8 மில்லிமீட்டர் கயிற்றைக் கீழிருந்து மேலாக, இடைவெளியே இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஃபெவிகால் தடவி இறுக்கிச் சுற்ற வேண்டும். கடைக்காரர் பத்து மீட்டர் போதும் என்பார், நம்பாதீர்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் பிடிக்கும், 3 அடிக்கு நூற்றுப் பத்துச் சுற்றுக்கு மேல் வரும். 40 மீட்டர் கேட்டு வாங்குங்கள். நைலான் வேண்டாம், வழுக்கும். இரண்டு முனையிலும் அடிக்கிற ஆணியின் தலை கயிற்றுக்குள் புதைந்திருக்கட்டும், நகம் அதில் மாட்டினால் அப்புறம் அந்தப் பக்கமே வராது.

ஒன்று கவனியுங்கள். கறுப்பி சோபாக் கையைச் செங்குத்தாகக் கீறுகிறது, அதனால்தான் தூண் சொல்கிறேன். இதுவே கால்மிதியையும் ஜமுக்காளத்தையும் கிழிக்கிற பூனையாக இருந்தால், தூணெல்லாம் வேண்டாம், ஒரு தும்புக் கால்மிதியைப் பலகையில் அறைந்து தரையில் போட்டாலே போதும்.

தூண் தயாரானதும் சித்தி அதைக் கொண்டுபோய் பின்கட்டில், துணி துவைக்கிற கல் பக்கம் வைக்கப் பார்ப்பார்கள். ஹாலில் அசிங்கமாக இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். கிழிந்த கைக்கு ஒட்டியே அது நிற்க வேண்டும், வேறெங்கே வைத்தாலும் பயன் இல்லை. கறுப்பி தூணுக்கே பழகி, சோபாவை மறந்த பிறகு, நாளுக்கு இரண்டு மூன்று அங்குலமாக நகர்த்தி ஓர் ஓரத்துக்குக் கொண்டுபோகலாம். காலைப் பிடித்துத் தூணில் தேய்த்துக் 'கற்றுக்கொடுக்க' வேண்டாம், பயந்துவிடும். தானாகப் போய்ப் பிறாண்டும்போது உடனே ஒரு துண்டு அவித்த சாளை மீன் கொடுங்கள். உடனே என்றால் உடனே, அரை நிமிஷம் கழித்துக் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. திட்டுவதும் தண்ணீர் தெளிப்பதும் ஒன்றுக்கும் ஆகாது. நீங்கள் இருக்கும்போது சும்மா இருந்துவிட்டு, கோயிலுக்குப் போன நேரத்தில் வேலையை முடித்துவிடும்.

ஈர்க்க இன்னொரு வழி நம் வீட்டுப் பின்புறமே இருக்கிறது. குப்பைமேனி. பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயரே உண்டு. வேரோடு பிடுங்கினால் பூனைகள் மோப்பம் பிடித்து வந்து புரளும். வேரைக் கழுவி, நசுக்கி, கயிற்றில் தேய்த்துவிட்டு மிச்சத்தைத் தூரப் போடுங்கள், தின்ன விட வேண்டாம். எல்லாப் பூனையும் ஒன்றுபோல் மயங்காது, கறுப்பி சட்டை செய்யாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இதே நாட்களில் சோபாவும் அதற்குப் பிடிக்காததாக மாற வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். கையின் முன்பக்கத்தில் அகலமான டபுள் சைட் டேப்பை நெடுக்காக ஒட்டுங்கள். காலில் பிசுபிசுவென்று ஒட்டுவது பூனைக்கு ஆகவே ஆகாது. துணி கெடுமோ என்று பயமாக இருந்தால் முதலில் மறைவான இடத்தில் ஒட்டிப் பாருங்கள், அல்லது கனமான பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டுங்கள். வாசனையை மறைக்க ஆரஞ்சுத் தோல் வைக்கலாம், சில பூனை விலகிப் போகும், சில கண்டுகொள்ளாது.

ஆனால் சித்தியிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்: பினாயில் தெளிக்கக் கூடாது. நம் ஈரல் சமாளிக்கிற பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சமாளிக்க முடியாது, அதற்கான நொதி அதனிடம் மிகக் குறைவு. பினாயில் பட்ட பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போகும். அந்துருண்டை, கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், இவையும் அப்படித்தான். மிளகாய்ப்பொடி தூவுகிற யோசனை யார் சொன்னாலும் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

நகம் வெட்டுவது சித்தப்பா வேலை. மதியம் உங்கள் மடியில் தூங்கும்போது ஒரு விரலை மேலும் கீழும் மெல்ல அமுக்கினால் நகம் வெளியே வரும். வெள்ளை நகத்தில் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது உயிருள்ள பகுதி, ரத்தக்குழாயும் நரம்பும் அதில்தான். கறுப்பிக்கு நகமும் கறுப்பாக இருந்தால் அது தெரியாது, அதனால் வளைந்த கொக்கி நுனியை மட்டும் எடுங்கள். பூனைக்கென்றே விற்கிற சின்ன நகவெட்டி நல்லது. ஒரே நாளில் பத்து விரலையும் முடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, இன்று இரண்டு, நாளை இரண்டு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். தப்பித்தவறி ரத்தம் கசிந்தால் கொஞ்சம் சோளமாவை வைத்து அழுத்துங்கள், நின்றுவிடும்.

கிழிந்த கையைத் தைக்க இப்போதே ஆளைக் கூப்பிடாதீர்கள். புதுத் துணியைப் பார்த்தால் மறுபடி ஆரம்பிக்கும். தூணில் கயிறு நன்றாகப் பிய்ந்து தும்பு பறக்க ஆரம்பித்த பிறகு கூப்பிடுங்கள். அப்போது தூணைப் புதுப்பிக்கிறேன் என்று சித்தி அந்தக் கயிற்றை அவிழ்த்து எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறுப்பியின் வாசனை முழுக்க அதில்தான் இருக்கிறது. குஷன்காரர் துணி காட்டும்போது சணல் கலந்தது, கட்டம் கட்டமாகத் தளர்வாக நெய்தது எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெல்வெட்டோ மைக்ரோஃபைபரோ நெருக்கமான இழை, நகம் மாட்டாது. ரெக்ஸின் போடலாம் என்பார், அதில் ஏறி இறங்கினாலே ஓட்டை விழும்.

சித்திக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்