பட்டாணி உரிக்கும் அப்பா

அன்புள்ள பாப்பா,

"புறாக்குஞ்சு இன்னும் உயிரோட இருக்காப்பா?" என்று போனில் கேட்டாய். "இருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பேச்சில் எனக்கு அவ்வளவுதான் வரும். மிச்சத்தை எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட்டில் அன்று அடித்த காற்றில் பின்வாசல் ரம்புத்தான் கிளை ஒடிந்து விழுந்தது, கூட்டோடு. அதைக் கூடு என்று சொல்வதே அதிகம், நாலு குச்சி. ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. மற்றதைப் பக்கத்து வீட்டுப் பூனை பார்ப்பதற்குள் எடுத்தேன். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பார்களே, அது சும்மா பேச்சு. பிளாஸ்டிக் கூடையில் தேங்காய் நார் போட்டு, அதே மரத்தில் கட்டிவிட்டு இருட்டும்வரை பார்த்தேன். தாயும் வரவில்லை, தகப்பனும் வரவில்லை.

தோட்டத்தில் இருந்த காலத்தில் லாஸ்டிக் கவணால் எத்தனை புறா அடித்திருப்பேன்! தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் நெருப்பு மூட்டிச் சுட்டுத் தின்போம். உன் அம்மா இப்போது தினமும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

முதல் நாளே தப்புச் செய்தேன். தாகமாக இருக்கும் என்று அலகில் தண்ணீர் சொட்டினேன். மூச்சுக்குழலுக்குள் போய், போச்சு என்றே நினைத்தேன். ஈப்போவில் ஒரு பிராணி மருத்துவரிடம் போன் போட்டால், அந்த அம்மா நன்றாகத் திட்டினார். முதலில் சூடு, அப்புறம்தான் தீனி. குளிர்ந்த குஞ்சுக்கு எதுவும் செரிக்காதாம். மாட்டுப்பாலும் ரொட்டியும் கூடவே கூடாதாம். சுடுதண்ணீர் பாட்டிலைப் பழைய கைலியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

மைனாக் குஞ்சு மாதிரி இது வாயைப் பிளந்து காட்டாது. பெரியதன் வாய்க்குள் தன் அலகை விட்டுத்தான் தின்னும். தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையில் பால் மாதிரி ஒன்று சுரக்கும், அதுதான் முதல் சாப்பாடு. ஆண்புறாவுக்கும் சுரக்குமாம், பாப்பா! எனக்கு எங்கே போவது? கடையில் கிளிக்குஞ்சு மாவு வாங்கிக் கரைத்து, சின்னக் கிண்ணத்தின் வாயில் ரப்பர் கையுறைத் துண்டை இழுத்துக் கட்டி, நடுவில் கீறிவிட்டேன். இரண்டு தடவை முரண்டு பிடித்தது. மூன்றாவது தடவை அலகை உள்ளே விட்டு, உடம்பே ஆட ஆடத் தின்றது. முன்னே ஊட்டியது தீனிப்பையில் இருந்தால் மறுபடி ஊட்டக்கூடாது, விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மாவு சூட்டை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லித்தந்தது உன் அம்மாதான். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் இதை ஒருநாளும் செய்ததில்லை. விடியுமுன் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது நீ தூங்கியிருப்பாய், இல்லை அழுதுகொண்டிருப்பாய்.

இறகு முளைத்ததும் பட்டாணிக்கு மாறினோம். ஐஸ் பட்டாணியை வெந்நீரில் போட்டு, தோலை உரித்து, ஒவ்வொன்றாக நாக்குக்குப் பின்னால் தள்ள வேண்டும். உரிக்கிற வேலை என்னுடையது. அப்புறம் சிறுதானியத்தைத் தானே கொத்தப் பழகியது. கழுத்தில் புள்ளி இல்லாததால் மெர்போக் புறா என்று நினைத்திருந்தேன். எதிர்வீட்டு மலாய்க்காரப் பாக்சிக் பார்த்துவிட்டு, தெகுக்கூர்தான், அதாவது புள்ளிப்புறா, புள்ளி பின்னால்தான் வரும் என்றார்.

பேர் வைக்காதே, கொஞ்சாதே, மனிதனிடம் பழகினால் வெளியே பிழைக்காது என்று நீ சொன்னாய். பேர் வைக்கவில்லை. மற்றதைப் பற்றி அம்மாவிடம் கேட்காதே.

பத்து நாள் கூண்டை வீட்டு முன் ஐந்தடி வராந்தாவில் வைத்திருந்து, வியாழக்கிழமை காலை கதவைத் திறந்தேன். கூரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, செம்பனைத் தோட்டத்துப் பக்கம் போனது. மாலையில் தானியத்துக்கு வந்தது. நேற்றும் வந்தது. இன்றைக்கு வேலியில் மூன்று புறா, அதில் ஒன்றுக்குக் கழுத்தில் புள்ளி இல்லை. நான் வெளியே வந்ததும் மூன்றுமே பறந்துவிட்டன.

பட்டாணி அரைப் பாக்கெட் மிச்சம் இருக்கிறது. தீபாவளிக்கு நீ வரும்போது குருமாவில் போடலாம் என்கிறாள் அம்மா.

அப்பா